வீட்டுத் திரையரங்கில் இரண்டு, மூன்று சப்ஊஃபர்: வடசென்னை வீடுகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

பெரம்பூர், கொளத்தூர், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று இந்தப் பக்கத்து வீடுகளில் ஹோம் தியேட்டர் அமைத்துக் கொடுப்பது என் வேலை. போகிற இடமெல்லாம் பேஸை, அதாவது அதிர்ந்து வரும் தாழ்ந்த சத்தத்தைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். அதைத் தருகிற ஸ்பீக்கர் பெட்டிதான் சப்ஊஃபர், சுருக்கமாகச் சப். அடிக்கடி கேட்கப்பட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நம் வீடுகளின் அளவையும் சுவரையும் மனதில் வைத்துத்தான் பதில்கள்.

12 இன்ச் சப் ஒன்று இருக்கிறது, பேஸ் பத்தவில்லை. அதைக் கொடுத்துவிட்டு 15 இன்ச் வாங்கட்டுமா, இன்னொரு 12 இன்ச் வாங்கட்டுமா?

இன்னொரு 12 இன்ச் வாங்குங்கள். பத்து வீட்டில் ஒன்பது வீட்டுக்கு இதுதான் என் பதில்.

கொளத்தூரில் ஒரு வீடு. மாடியில் 15 அடிக்கு 10 அடி ஹால். அந்த வீட்டு மகன் ஹாலின் நட்டநடுவில் சோபா போட்டிருந்தார். அவருக்குப் பேஸ் கேட்கவே இல்லை. 12 இன்ச்சை மாற்றி 15 இன்ச் வாங்கினார், கெயினையும் (சப்பின் சத்தத்தைக் கூட்டும் குமிழ்) முக்கால்வாசிக்கு ஏற்றினார். அவருடைய அம்மா பின்சுவரை ஒட்டி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் படம் பார்ப்பார். நான் போன அன்று சண்டைக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. மகன் "இன்னும் கொஞ்சம் வேணும்ணா" என்றார். அம்மா, "இன்னாப்பா, இங்க நெஞ்சே அடைக்குது" என்று எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. மைக் வைத்து அளந்தேன். 38 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 38 முறை அதிரும் தாழ்ந்த சத்தத்தில், சோபாவுக்கும் அந்த நாற்காலிக்கும் 20 டெசிபலுக்கு மேல் வித்தியாசம். அங்கே 18 இன்ச் வைத்திருந்தாலும் அந்த வித்தியாசம் அப்படியே இருந்திருக்கும், ஏனென்றால் அதை உண்டாக்கியது சப் இல்லை, அறை. அதே மாதிரி சப் இன்னொன்றைச் சரியான இடத்தில் வைத்தால்தான் அந்த இருவருக்கும் ஒரே பேஸ் போய்ச் சேரும். ஒன்றுக்கு மேற்பட்ட சப் வைப்பதே இதற்காகத்தான். சத்தம் கூடுவது கூடவே வருகிற லாபம்.

அறை எப்படி பேஸைக் கூட்டிக் குறைக்கிறது?

தண்ணீர் லாரி வரும் நாளில் பெரிய நீளத் தொட்டியில் தண்ணீர் பிடித்திருப்பீர்கள். அதை ஒரு பக்கமாக ஆட்டிவிட்டுப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் தண்ணீர் ஏறி இறங்கும், நடுவில் மட்டம் அசையாது. ஓர் ஓரம் ஏறும்போது மறு ஓரம் இறங்கும். அறைக்குள் இருக்கும் காற்றும் தாழ்ந்த சத்தத்துக்கு இப்படித்தான் ஆடுகிறது. சுவர் ஓரத்தில் அழுத்தம் ஏறி இறங்கும், அங்கே பேஸ் திமிறும். நடுவில் அழுத்தம் மாறாது, பேஸ் காணாமல் போகும். அறையின் இந்தச் சொந்த ஆட்டத்தைத்தான் ரூம் மோட் என்கிறார்கள். அதனால் கூடிப்போகும் இடத்தை மேடு என்றும் காணாமல் போகும் இடத்தைப் பள்ளம் என்றும் இந்தப் பக்கத்தில் சொல்லப் போகிறேன்.

இப்போது தொட்டியின் இரண்டு ஓரத்தையும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் அழுத்துங்கள். அந்த ஆட்டம் பிடிக்காது. ஒருவர் ஏற்ற நினைப்பதை எதிரில் இருப்பவர் ஏற விடமாட்டார். முன்சுவரில் ஒரு சப், பின்சுவரில் ஒரு சப் வைத்தால் நடப்பதும் இதேதான்.

என் அறையில் எந்த ஹெர்ட்ஸில் தொல்லை வரும் என்று முன்கூட்டியே தெரியுமா?

தெரியும். டேப்பும் ஒரு சின்ன வகுத்தலும் போதும். நம் ஊர் 30 டிகிரி வெயிலில் சத்தம் நொடிக்கு ஏறக்குறைய 1147 அடி போகிறது. அதில் பாதி 573. அந்த 573-ஐ அறையின் நீளத்தால் (அடியில்) வகுத்தால் முதல் மோட் கிடைக்கும். அகலத்துக்கும் உயரத்துக்கும் தனித்தனியாக அதே கணக்கு.

15 அடி நீளம் என்றால் 38 ஹெர்ட்ஸ். 10 அடி அகலம் என்றால் 57. ஒன்பதரை அடி உயரம் என்றால் 60. நீளத்தின் இரண்டாவது மோட் முதலாவதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 76.

இதில் கவனிக்க வேண்டியது 57-ம் 60-ம். நம் வீடுகளில் அகலமும் உயரமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் இரண்டு மோட்களும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. டிரம்ஸின் கிக் விழுவது 50-லிருந்து 80 வரை. பேஸ் கிட்டாரில் 55 ஹெர்ட்ஸில் ஒரு ஸ்வரம் இருக்கிறது. அதனால்தான் பத்தடி அகல ஹாலில் எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் "பூம் பூம்" என்று வீட்டைத் தூக்குகிறது, மற்ற ஸ்வரங்கள் எங்கே போயின என்றே தெரிவதில்லை. சப் மட்டம் என்று முடிவு கட்டும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

எத்தனை சப் வேண்டும்?

ஆடியோ சாதனங்கள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-ல் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு, செவ்வக அறைகளில் சப்களின் எண்ணிக்கையையும் இடத்தையும் மாற்றி மாற்றி ஆராய்ந்தார். நான்கு சப்களைத் தாண்டினால் பெரிய பலன் இல்லை. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைத்த இரண்டே சப்கள் நான்குக்கு வெகு அருகில் வந்துவிடுகின்றன. 2006-ல் அவரும் ஆலன் டெவான்டியரும் அடுத்த படிக்குப் போனார்கள். ஒவ்வொரு சப்புக்கும் தனித்தனி அளவு, தாமதம் (சத்தத்தைச் சற்றுப் பிந்தி அனுப்புவது), ஈக்யூ (குறிப்பிட்ட ஹெர்ட்ஸை மட்டும் கூட்டிக் குறைப்பது) கொடுத்தால் இருக்கைக்கு இருக்கை இருக்கும் வித்தியாசத்தை இன்னும் குறைக்கலாம் என்று காட்டினார்கள். இன்று இந்தத் துறையில் செய்யப்படுவதில் பெரும்பகுதி அதன் வழியில் வந்ததுதான்.

நம் பத்துக்குப் பதினைந்து ஹாலுக்கு இரண்டு போதும். சோபாவில் மூன்று பேர், பாயில் நான்கு பேர், வாசலோரம் இரண்டு பேர் என்று குடும்பமே உட்கார்கிற வீடாக இருந்தால் மூன்றோ நான்கோ வைக்கலாம். சின்ன 10 இன்ச் நான்கு வைப்பதை ஒரே பெரிய சப்பைவிட நான் மேலாக மதிப்பேன்.

சரி, எங்கே வைப்பது? என் வீட்டில் ஒரு பக்கம் கதவு, ஒரு பக்கம் பீரோ.

முதல் தேர்வு, முன்சுவரின் நடுவில் ஒன்றும் பின்சுவரின் நடுவில் ஒன்றும். இதில் இரண்டு நன்மை சேர்ந்து வருகிறது. எதிரெதிராக இருப்பதால் நீளத்தின் 38 ஹெர்ட்ஸ் ஆட்டம் அடங்கும். அகலத்தின் நடுவில் இருப்பதால் 57 ஹெர்ட்ஸ் ஆட்டத்தை இரண்டுமே தூண்டாது. டிவி ஸ்டாண்டுக்கு அடியில் ஒன்று, சோபாவுக்குப் பின்னால் ஒன்று. பார்வைக்கும் உறுத்தாது.

பின்பக்கம் சமையலறைக்குத் திறந்திருக்கிறது என்றால் இடது, வலது சுவர்களின் நடுவில் வையுங்கள். ஆனால் பத்தடி அகலத்தில் நடுச்சுவரில் ஒரு பெட்டி வைத்தால் நடக்கிறவர் காலில் இடிக்கும், அதனால் நடைமுறையில் இது குறைவாகவே அமைகிறது.

அடுத்தது மூலைகள். எதிரெதிர் மூலை இரண்டு, அல்லது நான்கு மூலை. மூலையில் சத்தம் அதிகமாக எழும், சின்ன சப்பும் பெரிதாகப் பேசும். நான்கு மூலையிலும் வைத்தால் நீளம், அகலம் இரண்டின் ஒற்றைப்படை மோட்களும் (முதலாவது, மூன்றாவது என்று வருபவை) அடங்கும். இரண்டு மட்டும் மூலைவிட்டமாக வைத்தால் நீளம், அகலம் இரண்டின் முதல் மோட்களும் அடங்கும், ஆனால் குறுக்கே ஓடும் ஒரு மோட், நம் கணக்கு அறையில் ஏறக்குறைய 69 ஹெர்ட்ஸ், நன்றாகத் தூண்டப்படும். அதை ஈக்யூவில் இறக்கிவிடலாம்.

செய்யக் கூடாதது ஒன்று இருக்கிறது, கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் அதைத்தான் செய்திருக்கிறார்கள். இரண்டு சப்பையும் டிவியின் இரு பக்கமும் அழகுக்காக ஒட்டி வைப்பது. அப்படி வைத்தால் சத்தம் கூடும், ஆனால் நீளத்தின் ஆட்டம் அப்படியே இருக்கும். அம்மா மறுபடியும் சமையலறைக்குத்தான் போவார்.

"ட" வடிவ ஹால், திறந்த மாடிப்படி, ஒரு பக்கம் பால்கனி என்றால் மேலே சொன்ன சமச்சீர்க் கணக்கு முழுதாகப் பொருந்தாது. அங்கே பழைய வழிதான். சோபாவில் உங்கள் தலை இருக்கும் இடத்தில் சப்பைத் தூக்கி வைத்து, பேஸ் உள்ள பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாக முட்டிபோட்டுத் தவழ்ந்து கேளுங்கள். பேஸ் தெளிவாகவும் சமமாகவும் கேட்கிற இடத்தில் முதல் சப். இரண்டாவதை மூன்று நான்கு இடத்தில் வைத்து அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

யூடியூபில் வெளிநாட்டுக்காரர்கள் 18 இன்ச் நான்கு வைக்கிறார்களே?

அங்கே பல வீடுகளின் சுவர் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்தது. பேஸில் ஒரு பங்கு அந்தச் சுவர் வழியே வெளியே போய்விடும், ஒரு பங்கைச் சுவரே அசைந்து தின்றுவிடும். நம் வீடு செங்கல், மேலே கான்கிரீட் தளம். பேஸ் உள்ளேயே நிற்கும். சின்ன சப்பே போதுமான சத்தம் தரும், அது நமக்கு வரம். ஆனால் மேடுகளும் பள்ளங்களும் அங்கே இருப்பதைவிடக் கூர்மையாக இருக்கும், ஒவ்வொரு தட்டும் நீண்டு இழுக்கும். ஆகவே நமக்கு வாட்ஸைவிட வைக்கும் இடமும் அளந்து பார்ப்பதும்தான் முக்கியம்.

இரண்டும் ஒரே மாடலாக இருக்க வேண்டுமா?

ஒரே மாடல் என்றால் வேலை பாதி. கலந்துதான் ஆக வேண்டும் என்றால், துளை வைத்த பெட்டியையும் மூடிய பெட்டியையும் மட்டும் சேர்க்காதீர்கள். துளை வேலை செய்யும் ஹெர்ட்ஸை ஒட்டி இரண்டின் ஃபேஸும் (அலை ஏறி இறங்கும் நேர ஒழுங்கு) பிரிந்துபோகும். கீழ்ப்பகுதியில் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும்.

அளக்க மைக் கட்டாயமா? போன் ஆப் போதாதா?

மைக் வேண்டும். போனின் மைக் பேச்சுக்காகச் செய்தது, கீழ் ஹெர்ட்ஸை வெட்டிவிடும். மினிடிஎஸ்பி யூமிக்-1 போன்ற யூஎஸ்பி மைக்கோடு அதற்கான திருத்தக் கோப்பு கிடைக்கும். ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருள் இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். வாங்க முடியாதவர்கள் நண்பர்களாகச் சேர்ந்து ஒரு மைக் வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள். தினமும் தேவைப்படும் பொருள் இல்லை.

15-லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை ஏறிக்கொண்டே போகும் சோதனைச் சத்தத்தை (ஸ்வீப்) ஓட்டுங்கள். திரையில் வரும் கோட்டை வழவழப்பாக்கும் வசதியை அணைத்து வையுங்கள், அது பள்ளத்தை மறைத்துவிடும். மைக் காது உயரத்தில், ஒவ்வொரு இருக்கையிலும். ஒரே இருக்கையில் மட்டும் அளப்பது இந்த வேலையின் நோக்கத்தையே தோற்கடிக்கும்.

நேரமும் பாருங்கள். எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் வீடு என்றால் கன்டெய்னர் லாரி ஒன்று கடக்கும்போதே 20, 30 ஹெர்ட்ஸில் கோடு ஏறிவிடும். ரயில் பாதை ஓரம் என்றாலும் அப்படித்தான். லாரி போனதும் இன்னொரு முறை ஓட்டி, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஃபேனை நிறுத்துங்கள், அதன் காற்று மைக்கில் பட்டாலே கீழ்ப்பகுதி கெட்டுப்போகும்.

இரண்டு சப்பையும் செட் செய்வது எந்த வரிசையில்?

முதலில் சப்பின் பின்னால் இருக்கும் லோ பாஸ் குமிழை (எந்த ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டுவது என்று சொல்வது) கடைசி வரை திருப்பிவிடுங்கள், அல்லது எல்எஃப்இ (படத்தின் தனிப் பேஸ் தடம்) நிலையில் வையுங்கள். எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்புக்கு அனுப்புவது என்று பிரிக்கும் கிராஸ்ஓவர் வேலையை, எல்லா ஸ்பீக்கர்களையும் இயக்கும் ரிசீவர் பார்க்கும். இரண்டு இடத்தில் வெட்டினால் ஃபேஸ் குழம்பும். ரிசீவரின் தானியங்கித் திருத்தத்தை இப்போதைக்கு அணைத்து வையுங்கள்.

அடுத்து கெயின். ஒரே மாடல், சமச்சீரான இடம் என்றால் இரண்டு குமிழும் ஒரே அளவில். இடம் ஒவ்வாமல் இருந்தால் ஒவ்வொன்றையும் தனியாக ஓட்டி, சோபாவில் ஏறக்குறைய ஒரே டெசிபல் வரும்படி வையுங்கள்.

இனி தனித்தனியாகவும் சேர்த்தும் மூன்று ஸ்வீப். சேர்த்து ஓட்டிய கோடு தனிக்கோடுகளைவிட மேலே இருக்க வேண்டும். இரண்டும் முழுக்க ஒத்துழைக்கும் இடத்தில் 6 டெசிபல் கூடும். மேடு அடங்கும் இடம் தவிர வேறு எங்காவது கீழே இறங்கினால் அந்த ஹெர்ட்ஸில் இரண்டும் சண்டை போடுகின்றன. ஒரு சப்பின் ஃபேஸை 180-க்கு மாற்றி அளந்து பாருங்கள். முன்னேற்றம் இல்லையென்றால் தாமதத்தை இரண்டிரண்டு மில்லி விநாடியாக மாற்றிப் பாருங்கள்.

தாமதத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஓர் அடிக்கு 0.9 மில்லி விநாடிக்குச் சற்றுக் குறைவு. பின்சுவர் சப் உங்களிடமிருந்து 3 அடி, முன்சுவர் சப் 12 அடி என்றால் வித்தியாசம் 8 மில்லி விநாடி. "கிட்டத்தில் இருப்பதை 8 தாமதப்படுத்து, இரண்டும் ஒன்றாக வந்து சேரும்" என்பது பரவலான அறிவுரை. அந்த ஒரு நாற்காலிக்கு அது சரி. ஆனால் முன்பின் சப்கள் நீள ஆட்டத்தை அடக்குவதே இரண்டும் ஒரே கணத்தில் தள்ளுவதால்தான். 38 ஹெர்ட்ஸில் 8 மில்லி விநாடி என்பது 110 டிகிரி விலகல். அடங்கிய ஆட்டம் திரும்பி வந்துவிடும். எனவே சமச்சீரான இடங்களில் முதலில் தாமதம் பூஜ்யத்தில் வைத்து எல்லா இருக்கையிலும் அளந்துவிட்டு, பிறகு மாற்றிப் பாருங்கள்.

கையால் தேடப் பொறுமை இல்லாதவர்களுக்கு மல்டி சப் ஆப்டிமைசர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒவ்வொரு சப்பையும் ஒவ்வொரு இருக்கையிலும் அளந்த கோடுகளை அதற்குக் கொடுத்தால், இருக்கைகளின் வித்தியாசம் குறையும்படி கெயின், தாமதம், ஈக்யூ எல்லாவற்றையும் கணக்கிட்டுத் தரும். அதைச் சப்புக்குப் போகும் சிக்னலில் ஏற்ற மினிடிஎஸ்பி 2x4 எச்டி மாதிரி ஒரு பெட்டி தேவை. கடைசியில்தான் ரிசீவரின் தானியங்கித் திருத்தம். அப்போது எல்லாச் சப்பையும் சேர்த்து ஒரே சப்பாக அது பார்க்கும்.

பள்ளத்தை ஈக்யூவில் தூக்கினால் என்ன?

தூக்காதீர்கள். பள்ளம் என்பது இரண்டு அலைகள் ஒன்றை ஒன்று தின்னும் இடம். நீங்கள் 10 டெசிபல் கூட்டினால் இரண்டும் 10 கூடி, மறுபடியும் ஒன்றை ஒன்று தின்னும். ஆம்ப் மட்டும் பத்து மடங்கு மின்சாரம் கக்கும், சப்பின் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் சூடேறும். மேட்டை மட்டும் வெட்டுங்கள். பள்ளத்துக்கு மருந்து சப்பையோ நாற்காலியையோ நகர்த்துவது. ஓர் அடி நகர்த்தியதில் பாதிப் பள்ளம் நிரம்பிய வீடுகள் எனக்குத் தெரியும்.

கிராஸ்ஓவர் எவ்வளவு?

80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். ரிசீவரின் மெனுவில் மற்ற ஸ்பீக்கர்கள் எல்லாம் "ஸ்மால்". சின்னச் சாட்டிலைட் ஸ்பீக்கர் என்றால் 100, 120 வரை போகலாம், ஆனால் அப்போது பின்னால் இருக்கும் சப் எங்கிருந்து பேசுகிறது என்று காது கண்டுபிடித்துவிடும். எல்எஃப்இ-க்கான வடிகட்டியை மட்டும் 120-லேயே விடுங்கள், படத்தின் அந்தத் தடம் அதுவரை போகிறது.

ரிசீவரில் சப் அவுட் இரண்டு இருக்கிறது. தனித்தனியாக வேலை செய்யுமா?

பல மலிவு மாடல்களில் உள்ளே ஒரே கம்பிதான், வெளியே இரண்டு துளை. ரிசீவரின் மெனுவில் இரண்டு சப்புக்கும் தனித் தூரமும் தனி அளவும் காட்டினால் தனி. இல்லையென்றால் இல்லை. ஒன்றாக இருந்தாலும் குடி முழுகிவிடாது, சமச்சீராக வைத்தால் அதுவே போதும்.

சுவரில் முட்டை அட்டை மாதிரி ஃபோம் ஒட்டினால் பேஸ் அடங்குமா?

அடங்காது. 40 ஹெர்ட்ஸ் அலையின் கால் நீளமே 2.2 மீட்டர். இரண்டு இன்ச் ஃபோம் அதைத் தொடவும் செய்யாது. கைதட்டினால் வரும் கணகணப்பை மட்டும் குறைக்கும். அந்தக் காசை இரண்டாவது சப்பில் போடுங்கள்.

பேஸ் வரும்போதெல்லாம் ஏதோ "கிர்ர்" என்று அதிர்கிறது. சப் கிழிந்துவிட்டதா?

ஒரு வீட்டில் இதே புகார். சப்பைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போகத் தயாராக இருந்தார்கள். லேப்டாப்பிலிருந்து ஒற்றை ஸ்வரத்தை 20-லிருந்து மெதுவாக ஏற்றிக்கொண்டே போனேன். 42-க்கு வந்ததும் "கிர்ர்". அங்கேயே நிறுத்தி வைத்துவிட்டு அறையைச் சுற்றினேன். இரும்பு பீரோவின் கதவில் உள்ளங்கையை வைத்ததும் சத்தம் நின்றது, எடுத்ததும் வந்தது. கதவின் பூட்டு நாக்குக்குள் மடித்த துணித்துண்டு ஒன்றைச் செருகினேன். அடுத்து 51-ல் மேலே பரணில் கவிழ்த்து வைத்த பித்தளை அண்டாவும் அதன் தட்டும் பேசின. 63-ல் ஜன்னல் கிரில்லின் தளர்ந்த திருகு. ஒரு மணி நேரம் ஆனது. சப்பில் ஒரு குறையும் இல்லை.

நீங்களும் இப்படியே செய்யலாம். ஒருவர் ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்த, இன்னொருவர் கையால் தொட்டுத் தொட்டுத் தேட வேண்டும். ஷோகேஸ் கண்ணாடி, சாமி படங்களின் சட்டம், ஏசி மூடி, டியூப்லைட் பட்டை எல்லாவற்றையும் பாருங்கள்.

பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். கீழே ஹவுஸ் ஓனர். என்ன செய்ய?

இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். நம் பக்கத்தில் சுவர் தொடாத வீடு அரிது. ஒருவர் வீட்டுப் பேஸ் இன்னொருவர் வீட்டுக் கைக்குழந்தையின் தூக்கம்.

முதலில் அளவு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல். அந்த அளவு "ஏ" எடையிட்டது. நம் காது கீழ் ஹெர்ட்ஸைக் குறைவாகக் கேட்பதால் மீட்டரும் குறைத்துக் காட்டும்படி அமைத்திருக்கிறார்கள். 40 ஹெர்ட்ஸில் சுமார் 35 டெசிபல் கழிந்துவிடும். அதாவது 90 டெசிபல் பேஸ் அந்த மீட்டரில் 55 என்று நிற்கும். மீட்டர் பேசாமல் இருக்கிறது என்பதற்காகப் பக்கத்து வீட்டுக் கட்டில் அதிரவில்லை என்று நினைக்காதீர்கள். நேராகப் போய், "அக்கா, ஒரு நிமிஷம் உங்க ரூம்ல நின்னு கேக்கட்டுமா?" என்று கேளுங்கள். உங்கள் படத்தை ஓடவிட்டு அவர்கள் படுக்கும் இடத்தில் நின்று கேட்டால் எல்லாம் புரிந்துவிடும்.

அவர்களை வதைப்பது பெரும்பாலும் முழு பேஸ் இல்லை, ஒரே ஒரு மேடு. 38-ல் 12 டெசிபல் மேடு இருந்தால் சுவர் தாண்டிப் போவதும் அதுதான். இரண்டு சப் வைத்து அந்த ஆட்டத்தை அடக்கினால் உங்களுக்குப் பேஸ் தெளியும், அவர்களுக்குத் தொல்லை குறையும். சோபாவுக்குப் பின்னால் மிக அருகில் ஒரு சப் இருந்தால் மொத்த அளவையே குறைத்துக் கேட்கலாம். பக்கத்தில் இருப்பதால் அடி உடம்பில் விழும். பொதுச்சுவரை ஒட்டி மட்டும் சப் வைக்காதீர்கள்.

சப்புக்கு அடியில் வைக்கும் ரப்பர் பேட், தரை வழியாகப் போகும் அதிர்வைக் கொஞ்சம் குறைக்கும். காற்று வழியாகச் சுவரைத் தள்ளுவதை அது தடுக்காது. கீழ் வீட்டுக்காரர் இருந்தால் போடுங்கள், ஆனால் அதை நம்பிக் கெயினை ஏற்றாதீர்கள். பத்து மணிக்கு மேல் எல்எஃப்இ-யைக் குறைத்த இரவு செட்டிங் ஒன்றை ரிசீவரில் தனியாகச் சேமித்து வையுங்கள்.

இரண்டாவது சப் மாட்டியதிலிருந்து "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல்.

இரண்டு சப்பும் வெவ்வேறு பிளக்கில் இருக்கும். எர்த்துகளுக்கிடையே ஓடும் சின்ன மின்னோட்டம் 50, 100 ஹெர்ட்ஸில் முனகுகிறது. எல்லாவற்றையும் ஒரே போர்டிலிருந்து எடுத்துப் பாருங்கள். அப்படியும் போகவில்லையென்றால் சிக்னல் கம்பியில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (நேரடி மின்தொடர்பைத் துண்டித்து சிக்னலை மட்டும் கடத்துவது) மாட்டுங்கள், கீழ் ஹெர்ட்ஸை வெட்டாத தரமானதாக. கேபிள் டிவி கம்பியைப் பிடுங்கியதும் இரைச்சல் நின்றால் குற்றவாளி அதுதான்.

பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடச் சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். அந்தப் பின் உயிரைக் காக்கிறது. ராயபுரம், காசிமேடு பக்கம் பழைய வீடுகளில் எர்த் கம்பி உப்பில் அரித்துப் பேருக்கு மட்டும் இருக்கும். எலக்ட்ரீஷியனை வைத்து அதை முதலில் சோதியுங்கள்.

கடற்காற்றிலும் மழையிலும் சப்பைக் காப்பாற்றுவது எப்படி?

கோனைச் சுற்றியிருக்கும் வளையம் ஃபோமில் இல்லாமல் ரப்பரில் இருப்பதாக வாங்குங்கள். நம் ஈரத்தில் ஃபோம் உதிர்ந்துபோகும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கம்பி முனைகளைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டுங்கள், பச்சை பூத்திருந்தால் நுனியை வெட்டிப் புதிதாகச் சீவுங்கள்.

சப் பெட்டிகள் மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை. தண்ணீர் பட்டால் உப்பிவிடும், திரும்பாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தரைத்தள வீடுகளில் முதலில் போனது தரையில் இருந்த பெட்டிதான். வியாசர்பாடி, புளியந்தோப்பு மாதிரி தாழ்ந்த இடத்தில் தரைத்தளம் என்றால் சப்பின் ஆம்ப் பகுதி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்து, செங்கல் மேல் கடப்பைக் கல் போட்டு ஒரு மேடை கட்டுங்கள். பேஸுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. எச்சரிக்கை வந்தால் கம்பியைப் பிடுங்கிக் கட்டில் மேல் ஏற்றிவிடுங்கள்.

பாட்டுக்கும் படத்துக்கும் ஒரே செட்டிங்கா?

அளந்து சமன் செய்த பிறகு ஒரே செட்டிங்தான். முற்றிலும் தட்டையாக வைத்தால் நம் காதுக்குச் சப்பென்று இருக்கும், அதனால் கீழ்ப்பகுதியை நான்கிலிருந்து ஆறு டெசிபல் வரை மெல்லச் சாய்வாக ஏற்றுங்கள். கானாவும் மேளமும் கேட்டு வளர்ந்த காதுகள் இங்கே. அடி நெஞ்சில் விழ வேண்டும் என்று கேட்பது நியாயமான ஆசை. அந்த அடி 50-லிருந்து 100-க்குள் இருக்கிறது. மேடு போய்த் தட்டு தட்டாகப் பிரிந்து கேட்க ஆரம்பித்ததும், "பேஸ் குறைஞ்சிடுச்சே" என்று முதல் நாள் தோன்றும். ஒரு வாரம் கேளுங்கள். பிறகும் போதவில்லையென்றால் இரண்டு சப்பையும் சேர்த்து ஏற்றுங்கள், ஒன்றை மட்டும் ஏற்றாதீர்கள்.

கொளத்தூர் வீடு என்ன ஆனது?

15 இன்ச்சைத் திருப்பிக் கொடுத்தோம், 12 இன்ச் இரண்டு, முன்னும் பின்னும். சோபாவை நடுவிலிருந்து இரண்டு அடி பின்னால் தள்ளினோம். 38 ஹெர்ட்ஸில் 20-க்கு மேல் இருந்த வித்தியாசம் 5 டெசிபலாக வந்தது. கெயின் கால்வாசிக்குச் சற்று மேலே நிற்கிறது. அம்மா அதே நாற்காலியில் உட்கார்ந்து படம் முழுக்கப் பார்த்தார்.

செட் செய்த பிறகு ஏதாவது பராமரிப்பு உண்டா?

உண்டு, குறிப்பாகப் போகிக்கு முன்னால். வீட்டைச் சுத்தம் செய்து வெள்ளையடிக்கும்போது சப்பை நகர்த்துவார்கள், துடைக்கும்போது குமிழ் திரும்பும், பொங்கலன்று பேஸ் மாறியிருக்கும். பெட்டியின் நான்கு மூலைக்கும் தரையில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். குமிழ்களைப் போனில் படமெடுங்கள். கெயின், ஃபேஸ், தாமதம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி டிவி ஸ்டாண்டின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.